ஆறு இனத்துக்கு எத்தனை உடல்?

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து மாயாஜால உலகத்தில் நடக்கும் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாகவே மாறி விளையாடும்) கேம் ஒன்றைச் செய்கிறோம். விளையாடுபவர் தேர்ந்தெடுக்க ஆறு இனங்கள். அதில் ஒன்றுக்கு வால், கொம்பு, பறவைக் கால். அதற்கு எந்த பூட்ஸும் பொருந்தவில்லை. ஆறு இனத்தையும் எல்லாக் கவசங்களோடும் மொத்தமாக முடித்துத் தருகிறேன் என்கிறார் ஓர் இடைத்தரகர். வாங்கலாமா? இன்னொன்று, சோதித்துப் பார்த்தவர்கள் எல்லோருமே மலைவாசி இனத்தையே எடுக்கிறார்கள். அதற்கு 10 சதவீதம் கூடுதல் தாக்குதலும் 10 சதவீதம் கூடுதல் அடிக்கும் வேகமும் கொடுத்திருக்கிறோம்.

பதில்: இப்போது வாங்காதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். ஆறு இனம், ஆண் பெண் என்று 12 உடல். 30 கவசத் தொகுப்பு, ஒவ்வொன்றிலும் தலை, மார்பு, கை, கால், பாதம் என ஐந்து துண்டு என்று வைத்தால் 150 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு உடலிலும் சரியாக உட்கார வேண்டும். ஆக 1,800 பொருத்தங்கள். குனியவிட்டு, ஓடவிட்டு, வாள் வீசவிட்டுப் பார்க்க ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 300 மணி நேரம். மூன்று பேர் குழுவுக்கு இது ஆகாது.

ஆறு இனத்தையும் மூன்று உடலில் அடக்குங்கள். மனித உடல் ஒன்று, குட்டையாகத் தடித்த உடல் ஒன்று, விலங்குக்கால் உடல் ஒன்று. மற்ற வித்தியாசத்தையெல்லாம் முகம், காது, தோல், உயரம் இவற்றில் காட்டலாம். உயரத்தை 0.9 முதல் 1.1 மடங்குக்குள் வையுங்கள். 0.9 உயரத்தில் இருப்பவர் மற்றவர்களின் அதே வேகத்தில் நடந்தால் பாதம் தரையில் வழுக்கும். அவருடைய நடை அனிமேஷனை 1.11 மடங்கு வேகமாக ஓட்டினால் சரியாகிவிடும். உடலோடு சேர்ந்து கையில் இருக்கும் வாளும் சுருங்கும், அதையும் திருப்பிச் சரிசெய்ய மறக்காதீர்கள்.

பறவைக் காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் தடுமாறும் இடம் அதுதான். பின்பக்கமாக மடிவது முட்டி என்று நினைத்து, மாடலை அசைக்கும் எலும்புக்கூட்டில் ஓர் எலும்பைக் கூடுதலாகச் சேர்த்துவிடுகிறார்கள். அது முட்டியே அல்ல, கணுக்கால். உண்மையான முட்டி அதற்கு மேலே, உடலை ஒட்டி இருக்கிறது. ஆகவே எலும்புகளின் எண்ணிக்கையை மாற்றாதீர்கள். தொடை, கெண்டைக்கால், பாதம், விரல் என்ற அதே நான்கு போதும். பாத எலும்பை மட்டும் நீளமாக்கிக் குதிகாலைத் தூக்குங்கள். மனித அனிமேஷன் பெரும்பாலும் அப்படியே வரும். படிக்கட்டில் மட்டும் மாட்டும். கணுக்கால் தரையை ஒட்டி இருக்கும் என்று நம்பித்தான் எஞ்சின் (கேமை இயக்கும் மென்பொருள்) பாதத்தை ஊன்றுகிறது. இங்கே அது உயரத்தில் இருப்பதால் கால் தரைக்குள் புதையும், அல்லது மிதக்கும். தரையைத் தொடும் புள்ளியை விரல் எலும்புக்கு மாற்றுங்கள். நடை, ஓட்டம், குதித்தல் மூன்றையும் இந்த உடலுக்கென்று தனியாகச் செய்யுங்கள்.

பூட்ஸ் அப்போதும் பொருந்தாது. பழைய கேம்களில் இதற்கு இரண்டு வழிகளைப் பார்க்கலாம். 2002இல் வந்த மோரோவிண்ட் என்ற கேம், அதிலுள்ள ஆர்கோனியன், கஜீத் என்ற இரண்டு விலங்கினங்களுக்கும் பூட்ஸும் முகம் மூடிய தலைக்கவசமும் கிடையாது என்று விதியே வைத்தது. அதற்கு அடுத்து 2006இல் வந்த அப்லிவியன் கேம் அந்தக் கால்களை மனிதக் கால்களாக்கி விதியை எடுத்துவிட்டது. உங்களுக்கு முதல் வழிதான் ஏற்றது என்பேன். ஆனால் பூட்ஸ் தரும் பாதுகாப்பை இழப்பதற்கு ஈடாக அந்த இனத்துக்கு வேறு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். கணுக்காலுக்கு மேலே சுற்றும் கட்டு ஒன்றை வைத்தால் அந்த இடம் காலியாகவும் தெரியாது.

இப்போது அந்தத் தரகர். “ஹியூமனாய்ட் பொருந்தும்”, அதாவது மனித உடல் அனிமேஷன் இதற்கு வரும் என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் குறைந்தபட்சம் 15 எலும்புகள் சரியாகப் பொருந்தினாலே அந்தப் பெயர் கிடைத்துவிடும். வாலுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. வால் கட்டைபோல் விறைத்து நின்றாலும் விற்பவர் சொன்னது பொய்யாகாது. வாலுள்ள பாத்திரங்கள் இத்தனை கேம்களில் வந்த பிறகும் இதற்கு ஓர் இடம் ஒதுக்காமல் இருப்பது பெரிய அலட்சியம். ஏமாறுவது உங்களைப் போன்ற சிறு குழுக்கள்தான்.

படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நிற்கும் படத்தில் எந்தக் கவசமும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் கேமில் உள்ள ஒரே ஒரு மார்புக்கவசத்தை அவருக்கு அனுப்பி, மிக வேறுபட்ட இரண்டு உடல்களில் மாட்டி, கையைத் தலைக்குமேல் தூக்கி, உட்கார்ந்து எழும் வீடியோவைக் கேளுங்கள். அக்குளையும் இடுப்பையும் பாருங்கள். தோல் கவசத்தைக் கிழித்துக்கொண்டு வருவது அங்கேதான். எஃப்பிஎக்ஸ் (மாடலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்) கோப்பை மட்டும் தந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் எலும்பு இருக்கும், அதை அசைக்கும் கட்டுப்பாடுகள் வராது. நாளைக்கு ஒரு திருத்தம் என்றால் மறுபடியும் அவரிடமே போக வேண்டியிருக்கும். மாடல் செய்யும் மென்பொருளான பிளெண்டர் அல்லது மாயாவின் மூலக் கோப்பும், மாடலைச் செய்தவர் யார், உரிமை யாருக்கு என்று எழுத்தில் ஒரு ஒப்பந்தமும் வாங்குங்கள். வேறு கேமிலிருந்து உருவிய மாடலாக இருந்தால், புகார் வரும்போது கடையிலிருந்து இறக்கப்படுவது உங்கள் கேம். பணத்தை ஒவ்வொரு உடலும் முடிய முடியக் கொடுங்கள், மொத்தமாக முன்பணம் வேண்டாம்.

மலைவாசி விஷயம் எளிது. 10ம் 10ம் சேர்ந்து 20 ஆவதில்லை, பெருகுகிறது. 1.1 பெருக்கல் 1.1 என்றால் 1.21. அதாவது 21 சதவீதம் கூடுதல் அடி. வேறு எந்த இனம் அதோடு போட்டி போடும்? பால்டர்ஸ் கேட் 3 என்ற ஆர்பிஜி கேமில் +2, +1 என்ற திறன் புள்ளிகளை எந்த இனமானாலும் விரும்பிய இடத்தில் போட்டுக்கொள்ளலாம். அதே கேமில் மற்ற பலர் ஒரு முறைக்கு 9 மீட்டர் நகரும்போது ஹாஃப்லிங் என்ற குள்ள இனம் 7.5 மீட்டர்தான் நகரும். அந்த மாதிரி, விளையாடும் விதத்தை மாற்றும் வேறுபாடுகளைக் கொடுங்கள். இருட்டில் பார்வை கொடுத்தால் விளக்கே இல்லாத ஒரு குகையையும் வையுங்கள். மலைவாசியின் கூடுதல் அடிக்கும் வேகத்தை இன்றே எடுத்துவிட்டு, அதே ஆட்களை மறுபடி விளையாடச் சொல்லிப் பாருங்கள்.