பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைவா? ரத்தப் பரிசோதனை பற்றிய கேள்விகளும் பதில்களும்

மகனுக்கு நான்கு மாதம். நாக்கில் மாவு பூசியதுபோல் வெள்ளைப் படலம், மருந்து போட்டும் போகவில்லை. எடையும் ஏறவில்லை. ரத்த அறிக்கையில் எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் எச்சரிக்கைக் குறி இல்லை. நிம்மதியாக இருக்கலாமா? – செங்காங்

இருக்க வேண்டாம். அறிக்கையைக் கையில் எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கையை, அவற்றில் ஒரு வகையான லிம்ஃபோசைட்டின் சதவீதத்தால் பெருக்க வேண்டும். மொத்தம் 8.2 (மைக்ரோலிட்டருக்கு ஆயிரங்களில்), லிம்ஃபோசைட் 21 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விடை 1.7. பெரியவர்களுக்கு 1 முதல் 4 வரை சரியான அளவு என்பதால் 1.7 யார் கண்ணிலும் படாமல் போய்விடும். ஆனால் நான்கு மாதக் குழந்தைக்குச் சுமார் 4 முதல் 9 வரை இருக்க வேண்டும். குழந்தைப் பருவத்தின் முதல் மாதங்களில் 3க்குக் கீழே போனாலே ஏன் என்று கேட்க வேண்டும். 2.5க்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது. அறிக்கையில் அச்சாகியிருக்கும் 'சரியான அளவு' பெரியவர்களுக்கானதா, குழந்தையின் வயதுக்கானதா என்பதை முதலில் பாருங்கள். பல வாரங்கள் வீணாவது இந்த இடத்தில்தான்.

வைரஸ் காய்ச்சலாலும் ஸ்டீராய்டு மருந்தாலும் லிம்ஃபோசைட் தற்காலிகமாக இறங்கும் என்பது உண்மைதான். குழந்தை நன்றாகப் பால் குடித்து, எடை ஏறிக்கொண்டிருந்தால் சீக்கிரமே மறுபடி எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். எடை நின்றுபோய், வெள்ளைப் படலமான அக்கரமும் போகாமல், வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தால் கதையே வேறு. அன்றைக்கே சிறார் மருத்துவமனைக்குப் போய், "கடுமையான ஒருங்கிணைந்த எதிர்ப்பாற்றல் குறைபாடு இருக்குமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கிருமிகளை எதிர்க்கும் டி செல்கள் உருவாகாத பிறவி நோய் அது. அடுத்த சோதனை லிம்ஃபோசைட் வகைப் பிரிப்பு. டி செல், பி செல், என்கே செல் ஒவ்வொன்றும் எத்தனை என்று அது எண்ணித் தரும். தாயின் டி செல்கள் கருவறையிலேயே குழந்தைக்குள் புகுந்து, மொத்தக் கணக்கைச் சரிபோலக் காட்டிவிடுவதும் உண்டு. அதனால் டி செல்களில் புதிதாக உருவானவை எத்தனை என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவு வரும்வரை உயிருள்ள தடுப்பூசி எதுவும் வேண்டாம். ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு செலுத்தப்பட்ட ரத்தம்தான் ஏற்ற வேண்டும். இந்த நோய்க்கு மூன்றரை மாதத்துக்குள் தண்டுசெல் மாற்றுச் சிகிச்சை பெற்ற குழந்தைகள்தான் மிக நன்றாகத் தேறுகிறார்கள். நாள் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

அக்காள் மகன் ஏழாம் மாதத்தில் நிமோனியாவில் இறந்துவிட்டான். எனக்கு அடுத்த மாதம் பிரசவம். நானும் கணவரும் அத்தை மகன், மாமன் மகள். குதிகாலில் எடுக்கும் சோதனை போதுமா? – உட்லண்ட்ஸ்

போதாது. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கான விரிவான பரிசோதனையில் 2019இலிருந்து கடுமையான ஒருங்கிணைந்த எதிர்ப்பாற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. குதிகாலில் குத்தி, சொட்டு ரத்தத்தை வடிதாளில் காயவைத்து, அதில் 'டிரெக்' என்னும் சிறு டிஎன்ஏ வளையங்களை எண்ணுகிறார்கள். டி செல் தைமஸ் சுரப்பியில் உருவாகும்போது வெட்டி ஒதுக்கப்படும் துண்டுதான் அந்த வளையம். செல் இரண்டாகப் பிரிந்தாலும் வளையம் பெருகாது. அதனால் அது புது டி செல்களின் நல்ல அளவுகோல். குறைமாதக் குழந்தைகளுக்கு எண்ணிக்கை குறைவாக வருவது சகஜம், மறுபடி எடுப்பார்கள்.

ஆனால் அது டி செல் உற்பத்தியை மட்டுமே பார்க்கிறது. பி செல்லே உருவாகாத புரூட்டன் நோய், வெள்ளை அணு கிருமியை விழுங்கியும் கொல்ல முடியாத நாட்பட்ட கிரானுலோமா நோய், கிருமியைக் கொல்ல உதவும் ரத்தப் புரதங்களான காம்ப்ளிமென்ட்டில் குறைபாடு இவையெல்லாம் 'டிரெக்' சரியாக இருந்தாலும் இருக்கலாம். டி செல் நோய்களிலும் சில தப்பிவிடும்.

உங்கள் நிலையில் இரண்டு வழிகளில் ஆபத்து வரலாம். தாய்வழியாக ஆண் பிள்ளைகளைத் தாக்கும் நோய் அக்காளுக்கும் உங்களுக்கும் பொதுவாக இருக்கலாம். சொந்தத்தில் மணமுடித்ததால், பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுது இறங்கும் நோய்க்கும் வாய்ப்பு கூடுதல். அம்மாவிடம் உட்கார்ந்து, தாய்மாமன்களில் சின்ன வயதில் இறந்தவர்கள் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் 'கணை', 'தோஷம்' என்று சொல்லும் மரணங்களையும் விடாதீர்கள்.

அந்தத் தாளைப் பிரசவ மருத்துவரிடம் இப்போதே கொடுங்கள். ஏனென்றால் பிசிஜி ஊசியை இங்கே பிறந்தவுடனேயே போடுவது வழக்கம், சோதனை முடிவு அதற்குப் பிறகுதான் வரும். பிசிஜியில் இருப்பது உயிருள்ள கிருமி. டி செல் இல்லாத குழந்தைக்கும் கிரானுலோமா நோயுள்ள குழந்தைக்கும் அது உடல் முழுவதும் பரவிவிடும். "முடிவு வரும்வரை பிசிஜி வேண்டாம்" என்று கோப்பில் எழுதச் சொல்லுங்கள். பிறந்ததும் முழு ரத்த எண்ணிக்கை, லிம்ஃபோசைட் வகைப் பிரிப்பு, கிரானுலோமா நோய்க்கான டிஹெச்ஆர் சோதனை ஆகிய மூன்றும் தேவை. ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருளைப் பார்த்துப் பயனில்லை. அப்போது குழந்தையின் உடம்பில் ஓடுவது உங்களுடைய ஐஜிஜி.

ரத்தம் எடுத்து இரண்டு நாள் கழித்து, மாதிரி கெட்டுவிட்டது, மறுபடி வாருங்கள் என்கிறார்கள். எங்கே தவறு? – ஜூரோங் வெஸ்ட்

பெரும்பாலும் நேரத்தில்தான். ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் போன்ற எதிர்ப்பொருள் புரதங்கள் குளிர்பெட்டியில் பல நாள் தாங்கும். உயிருள்ள செல்லை எண்ணும் சோதனைகள் தாங்காது. லிம்ஃபோசைட் வகைப் பிரிப்புக்கு ஊதா மூடிக் குழாய், அறை வெப்பம், பனிக்கட்டி கூடவே கூடாது. டிஹெச்ஆர் இன்னும் கறார். 24 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், உறவில்லாத ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் கூடவே பயணம் செய்ய வேண்டும். வழியில் வெப்பத்தால் இரண்டும் கெட்டிருந்தால், அந்த முடிவை வைத்துக் குழந்தைக்கு நோய் என்று சொல்ல முடியாது என்பது அதனால்தான் தெரியும். காம்ப்ளிமென்ட் சோதனைக்கு நேர்மாறு: சீரத்தை உடனே பிரித்து உறைய வைக்க வேண்டும். மேசையில் கிடந்தால் புரதம் தானே செலவாகி, இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும்.

ஆகவே வெள்ளிக்கிழமை பிற்பகலிலும் தீபாவளிக்கு முந்திய நாளிலும் எடுக்காதீர்கள். திங்கள் முதல் வியாழன்வரை காலையில், ஆய்வுக்கூடத்துக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். வெறும் வயிறு தேவையில்லை. மரத்துப்போகும் களிம்பை ஒரு மணி நேரம் முன்னதாகப் பூசிக்கொண்டால் குழந்தை இவ்வளவு அழாது.

வயது 38. வருடத்தில் இரண்டு முறை நிமோனியா. ஐஜிஜி குறைவு என்கிறார்கள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பிறவி நோயா? – தெம்பனிஸ்

முதலில் மாத்திரையைச் சந்தேகிக்க வேண்டும். ஃபெனிடோயின், கார்பமாசெபின் இரண்டுமே ஐஜிஜியைக் குறைக்கக்கூடியவை. பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தும் நீண்டகால ஸ்டீராய்டும் அப்படியே. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரில் புரதம் கசிகிறதா, ஆல்புமின் இறங்கியிருக்கிறதா, எச்ஐவி உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஐஜிஜியோடு ஆல்புமினும் குறைந்திருந்தால் புரதம் எங்கோ ஒழுகுகிறதா என்று சந்தேகிக்க வேண்டும்.

பழைய ஆரோக்கியப் பரிசோதனை அறிக்கைகள் வீட்டில் இருந்தால் எடுங்கள். கல்லீரல் சோதனையில் மொத்தப் புரதத்திலிருந்து ஆல்புமினைக் கழித்தால் குளோபுலின் கிடைக்கும். 62இல் 45 போனால் 17. இது 18க்குக் கீழே எப்போது இறங்கியது, மாத்திரைக்கு முன்பா பின்பா என்பது மருத்துவருக்குப் பெரிய துப்பு.

அடுத்தது, உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்குகிறதா என்று பார்ப்பது. 23 வகை நிமோகாக்கல் தடுப்பூசிக்கு முன் ஒரு ரத்தம், 4 முதல் 8 வாரம் கழித்து இன்னொன்று, இரண்டையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டும். இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதாக இருந்தால் இவை எல்லாவற்றையும் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு தெரிவது கொடையாளிகளின் எதிர்ப்பொருள். சத்துமாத்திரைகள் எதுவும் ஐஜிஜியை ஏற்றாது.

மூன்று வயது மகள் பாலர் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து மாதம் ஒரு சளி. சோதிக்கலாமா? – ஈசூன்

இடையிடையே முழுதாகத் தேறி, வளர்த்தி சரியாக இருந்தால் வேண்டாம். பாலர் பள்ளிப் பிள்ளைக்கு வருடம் பத்து சளி ஆச்சரியமில்லை. ஒரே வருடத்தில் இரண்டு நிமோனியா, நான்கு காது சீழ், உள்ளுறுப்பில் கட்டி, இரண்டு மாதம் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தும் தீராத தொற்று இவற்றில் ஏதாவது இருந்தால் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு நிபுணரிடம் போங்கள்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு ஐஜிஏ கிட்டத்தட்ட இல்லை. – பொங்கோல்

ஐஜிஏ மெதுவாகத்தான் ஊறும். நான்கு வயதுக்கு முன் குறைபாடு என்று முத்திரை குத்துவதில்லை. ஐஜிஜியும் ஐஜிஎம்மும் சரியாக இருந்தால் நான்கு வயதானதும் மறுபடி பாருங்கள். அதுவரை கோதுமையில் இருக்கும் குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய்க்கு ஐஜிஏ வழிச் சோதனை செய்தால், இல்லை என்று பொய்யாக வரலாம். இதை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்.

மரபணுச் சோதனை செய்தால் காப்புறுதி கிடைக்காமல் போகுமா? – பிடோக்

நோய் அறிகுறி இல்லாமல் முன்கூட்டி அறியச் செய்த சோதனையின் முடிவை, சில விதிவிலக்குகள் தவிர, காப்புறுதி நிறுவனங்கள் கணக்கில் எடுக்கக் கூடாது. சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021இல் செய்துகொண்ட உடன்பாடு அது. சோதனை செய்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. நோய் வந்த பிறகு அதை உறுதிப்படுத்தச் செய்யும் சோதனைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே அண்ணனுக்கு நோய் உறுதியாகி, தம்பிக்குச் சோதனை செய்யும்போது, எந்த வகைச் சோதனை என்று மரபியல் ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.