வெல்ஸ் நகரைப் பார்க்க இரண்டு மணி நேரம் போதுமா?

கேள்வி: லண்டனிலிருந்து பாத் நகருக்குச் சுற்றுலா போகிறோம். பக்கத்தில் வெல்ஸ் என்ற சிறிய கதீட்ரல் நகரம் இருப்பதாகச் சொல்கிறார்கள். ரயிலில் போகலாமா? இரண்டு மணி நேரம் போதுமா? முட்டிவலி உள்ள அம்மாவும் உடன் வருகிறார்.

பதில்: போதாது. பாத் நகருக்கு ஒரு நாள், வெல்ஸுக்கு இன்னொரு நாள் என்று பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் வெல்ஸின் மிக அழகான நேரமான மாலைப்பொழுது உங்கள் கையைவிட்டுப் போய்விடும்.

முதலில் பெயர்க் குழப்பம். வேல்ஸ் நாடு வேறு. நார்ஃபோக் கடற்கரையில் 'வெல்ஸ் நெக்ஸ்ட் த சீ' என்று இன்னொரு ஊரும் உண்டு. கைபேசி வரைபடத்தில் 'வெல்ஸ், சாமர்செட்' என்றே தேடுங்கள். ஊருக்கு ரயில் கிடையாது. பயணிகள் ரயில் 1963-லேயே நின்றுவிட்டது. லண்டனிலிருந்து நேரே வருவதானால், பேடிங்டன் நிலையத்திலிருந்து பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ் நிலையம் வரை ரயில், அங்கிருந்து 376-ஆம் எண் பேருந்து. பேருந்தில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாத்திலிருந்தும் நேரடிப் பேருந்து உண்டு. ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் குறைவு. திரும்பும் பேருந்தின் நேரத்தை முதலில் பார்த்துக் குறித்துக்கொண்டு, பிறகு மற்றதைத் திட்டமிடுங்கள். புதனும் சனியும் சந்தை நாட்கள். அன்று வந்தால் ஊர் கலகலப்பாக இருக்கும்.

மக்கள்தொகை ஏறக்குறைய 12,000. லண்டனுக்குள் அடங்கிய 'சிட்டி ஆஃப் லண்டன்' நீங்கலாக, இங்கிலாந்தின் மிகச் சிறிய நகரம் இதுதான். ஊர்ப் பெயருக்குக் காரணமே இங்கே பொங்கும் நீரூற்றுகள். 1451-இல் பிஷப் பெக்கிங்டன் அந்த நீரைக் குழாய் வழியே சந்தைத் திடலுக்கு விட்டார். கைம்மாறாக நகரத்தார் ஆண்டுக்கொருமுறை தம் கல்லறைக்கு வந்து பிரார்த்திக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இன்றைக்கும் ஹை ஸ்ட்ரீட் ஓரத்து வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து ஓடுகிறது. பெக்கிங்டனின் கல்லறை கதீட்ரலுக்குள் இருக்கிறது: மேலே முழு உடையில் பிஷப், கீழே அதே மனிதர் உருக்குலைந்த பிணமாக. உயிரோடு இருக்கும்போதே அவர் செய்து வைத்தது அது.

காலை 11 மணிக்குள் வந்துவிட்டால் முதலில் கதீட்ரலின் உள்ளே போங்கள். முகப்பு மேற்குப் பார்த்தது. காலையில் அது நிழலில் கிடக்கும். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது விரித்து நிறுத்திய கத்தரிக்கோல் போன்ற பெரிய கல் வளைவுகள். பலர் இவற்றை நவீன வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுக்கோபுரத்தை உயர்த்திக் கட்டினார்கள். எடை தாங்காமல் அடித்தளம் இறங்கி, சுவர்களில் விரிசல் விட்டது. 1338 தொடங்கிப் பத்தாண்டுகளில், வில்லியம் ஜாய் என்ற தலைமைக் கொத்தனார் ஒரு கூர்வளைவின் மேல் இன்னொன்றைத் தலைகீழாக வைத்து, மூன்று பக்கங்களில் முட்டுக் கொடுத்தார். கோபுரம் இன்றும் நிற்கிறது.

கதீட்ரல் சிலுவை வடிவில் கட்டியது. அதன் வடக்குக் கையில் ஏறத்தாழ 1390-இல் செய்த கடிகாரம். ஒவ்வொரு கால் மணிக்கும் குதிரைவீரர்கள் சுற்றிவருவார்கள். ஒவ்வொரு முறையும் அதே வீரன்தான் அடிபட்டுச் சாய்வான். கடிகார வட்டத்தில் 24 மணி நேரமும் குறித்திருக்கிறது, நடுவில் பூமி. மூல இயந்திரம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே போய் நின்றுவிடுங்கள்.

தெற்குக் கையில் தூண்களின் உச்சியை அண்ணாந்து பாருங்கள். சின்னத் தொலைநோக்கி இருந்தால் நல்லது. ஒருவன் வாயை விரலால் இழுத்துப் பல்வலியைக் காட்டுகிறான். பக்கத்தில் திராட்சைத் திருடர்களின் கதை: கூடையோடு திருடுகிறார்கள், தோட்டக்காரனுக்குச் செய்தி போகிறது, ஒருவனின் காது பிடிபடுகிறது, கடைசியில் அடி விழுகிறது.

1306-இல் முடிந்த சாப்டர் ஹவுஸுக்கு, அதாவது கதீட்ரல் குருமார் கூடிப் பேசும் மண்டபத்துக்கு, தேய்ந்து வளைந்த கற்படிகளில் ஏற வேண்டும். அம்மாவை அங்கே அழைத்துச் செல்ல வேண்டாம். கீழே நின்று அந்தப் படிகளைப் பார்ப்பதே அழகு. நீங்கள் ஏறிப் போனால், நடுத்தூணிலிருந்து கூரையைத் தாங்கும் 32 கல் விலாக்கள் விரிவதைக் காணலாம்.

மதியத்துக்குப் பிஷப் அரண்மனை. வரி விவகாரத்தில் ஊராரோடு பகை முற்றியதால் 14-ஆம் நூற்றாண்டில் பிஷப் ரால்ஃப் மதிலும் அகழியும் எழுப்பிக்கொண்டார். அந்த அகழியில் அன்னங்கள் வாசல் ஜன்னலருகே தொங்கும் மணியைக் கயிற்றால் இழுத்து அடித்து உணவு கேட்கும். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம். அவை நம் நேரத்துக்கு அடிக்காது, காத்திருக்க வேண்டும். தோட்டம் பெரும்பாலும் சமதளம். அம்மா நிம்மதியாக உட்காரலாம்.

பிறகு விகார்ஸ் குளோஸ். கதீட்ரல் பாடகர்களுக்காக 1348 வாக்கில் உருவான தெரு. இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். தெரு மேலே போகப்போக ஏறத்தாழ பத்தடி குறுகுகிறது. அதனால் கீழ்முனையில் நின்றால் நீளமாகவும், மேல்முனையிலிருந்து திரும்பிப் பார்த்தால் குட்டையாகவும் தெரியும். இரண்டு முனையிலும் நின்று பாருங்கள்.

பள்ளி நடக்கும் பருவத்தில் வார நாட்களில் மாலை 5.15 வாக்கில் பாடல் வழிபாடு. கட்டணம் கிடையாது, எந்த மதத்தாரும் உட்காரலாம். அன்றைய நேரத்தைக் கதீட்ரல் இணையதளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வழிபாட்டுக்கு முன் முகப்பெதிரே உள்ள புல்வெளியில் அரை மணி உட்காருங்கள். சுமார் 300 இடைக்காலச் சிலைகள் மேற்கு வெயிலில் தேன் நிறம் கொள்ளும். தலையும் கையும் இழந்து நிற்கும் உருவங்களும் தெரியும். 1685-இல் மன்மத் பிரபுவின் தலைமையில் அரசருக்கு எதிராக எழுந்த கலகக்காரர்கள் கூரை ஈயத்தைத் துப்பாக்கிக் குண்டுக்காக உரித்தபோது முகப்பையும் சிதைத்தார்கள்.