இஸ்ரோவுக்குப் போக ஆசைப்படும் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

நிறையக் கேட்டிருக்கிறீர்கள். அவசரமானதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏரோஸ்பேஸ் எனும் விமான, விண்கலப் பொறியியல் படித்தால்தான் இஸ்ரோவில் வேலை கிடைக்கும் என்று சொல்லி, கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாக உங்களிடம் வந்த தரகர் கேட்கும் முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைக்கும் யோசனையையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

விஞ்ஞானி, பொறியாளர் பணிக்கு இஸ்ரோ வெளியிடும் அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் பிரிவுகள் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ். ஏரோஸ்பேஸ் படித்தவர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் அவற்றைவிடக் குறைவு. எந்தக் கல்லூரி என்பது தகுதியாகவே வருவதில்லை. பி.இ.யில் 65 சதவீதம் அல்லது பத்துக்கு 6.84 என்ற சராசரி இருந்தால் விண்ணப்பிக்கலாம். அதன் பிறகு எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு. சில அறிவிப்புகளில், பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள். ஆக, அவள் எங்கே சேர்கிறாள் என்பதைவிட அந்த நான்கு வருடத்தில் என்ன கற்றுக்கொள்கிறாள் என்பதுதான் முக்கியம்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் அவளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இவ்வளவு பெரிய வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு தரகரிடம் ஏன் போக வேண்டும்?

ஐ.ஐ.டி. போன்ற கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வில் தேறாவிட்டால் எல்லாம் போச்சு என்று மகள் அழுகிறாள் என்றீர்கள். 2007-இல் தொடங்கி, இப்போது திருவனந்தபுரம் வலியமலையில் இயங்கும் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் பி.டெக். சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசை வேண்டும் என்பது உண்மை. இஸ்ரோவுக்கு அது நேர் வழி, ஆனால் ஒரே வழியல்ல. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் டிப்ளமோ படித்து, சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. முடித்தவர். திருச்சி என்.ஐ.டி.யும் சென்னை ஐ.ஐ.டி. முனைவர் பட்டமும் பிறகு வந்தவை. சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன் குமரி மாவட்டத்தில் மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கியவர். 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர், பி.இ.க்கு இணையான ஏ.எம்.ஐ.இ. தேர்வையும் முடித்தவர்; அதன் பின்னரே கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியல் படித்தார். இவர்களில் ஒருவர்கூட பதினேழு வயதில் ஐ.ஐ.டி.க்குள் நுழைந்தவர் அல்ல. இதை மகளிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். சந்திரயான்-3-இன் விக்ரம் கலம் நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23-ஐப் பார்த்துத்தான் மகள் ஆசைப்பட்டாள். நல்லது. ஆனால் அந்த ஒரு மாலைக்குப் பின்னால் எத்தனை வருட உழைப்பு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். சந்திரயான்-3-ஐத் தூக்கிச் சென்ற எல்.வி.எம்.3 ராக்கெட்டின் மேல்நிலையில் எரிவது கிரையோஜெனிக் இன்ஜின். கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களில் ஓடுவது அது: மைனஸ் 253 டிகிரியில் வைக்க வேண்டிய திரவ ஹைட்ரஜன் எரிபொருள், அதை எரிய வைப்பது திரவ ஆக்சிஜன். இந்தத் தொழில்நுட்பத்தை ரஷ்யாவிடமிருந்து வாங்க 1991-இல் ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்க நெருக்கடியால் 1993-இல் ரஷ்யா பின்வாங்கியது. ஏழு இன்ஜின்களைத் தர ஒப்புக்கொண்டது, செய்முறையைத் தரவில்லை. 1994-இல் நாமே தொடங்கினோம். 2010 ஏப்ரலில் நம் சொந்த இன்ஜினோடு கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் கடலில் விழுந்தது. 2013 ஆகஸ்டில் அடுத்த ராக்கெட் ஏவுதளத்தில் நின்றபோது, புறப்பட 74 நிமிடம் இருக்கையில் இரண்டாம் நிலையில் எரிபொருள் கசிந்து ஏவுதலை நிறுத்தினார்கள். கழற்றி, சரிசெய்து, 2014 ஜனவரி 5 அன்று அதே திட்டத்தை வெற்றியாக முடித்தார்கள். இருபது வருடம்! அந்தக் காலம் முழுவதும் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இன்ஜினைச் சோதித்தவர்கள், வால்வையும் பம்பையும் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டியவர்கள் யாருடைய பெயரும் தொலைக்காட்சியில் வரவில்லை.

வெற்றியும் தோல்வியும் மாறிமாறி வருவது இப்போதும் அப்படித்தான். 2025 ஜனவரி 16 அன்று ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் இரண்டு விண்கலங்களை விண்வெளியில் இணைத்து, அதைச் செய்த நான்காவது நாடானோம். அதே ஆண்டு மே 18-இல் பி.எஸ்.எல்.வி.-சி61 ராக்கெட் மூன்றாம் நிலைக் கோளாறால் தோற்றது. நம்பி வைத்த செயற்கைக்கோள் போயிற்று. ஜூலை 30-இல் நாசாவோடு சேர்ந்து செய்த, பூமியைக் கண்காணிக்கும் நிசார் செயற்கைக்கோள் வெற்றிகரமாகக் கிளம்பியது. ஆகவே மகளிடம் ‘ராக்கெட் பிடிக்குமா’ என்று கேட்க வேண்டாம். ஒரு கணக்கு வரவில்லை என்றால் மறுநாளும் அதே பக்கத்தைத் திறக்கிறாளா, மிக்ஸி ஓடாவிட்டால் ஏன் என்று திருகிப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். மதிப்பெண்ணைவிட நான் இதைத்தான் நம்புவேன்.

பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. போன மகனைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அது எனக்கு வருத்தம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற பிரிவுகளில் ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவர்களை இஸ்ரோ மையங்கள் டெக்னீஷியன்களாக எடுக்கின்றன. முதல் வகுப்பில் டிப்ளமோ முடித்தவர்களுக்குத் தொழில்நுட்ப உதவியாளர் பணி உண்டு. மகேந்திரகிரி, ஸ்ரீஹரிகோட்டா, திருவனந்தபுரம் என ஒவ்வொரு மையமும் தனித்தனியாக அறிவிப்பு வெளியிடும். அதை அவனும் பார்க்கட்டும்.

இஸ்ரோ கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் நியாயமானதுதான். ஒரு பணியிடத்துக்குப் போட்டி கடுமையாகவே இருக்கும். ஆனால் 2020-இல் இத்துறை தனியாருக்குத் திறக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் என்ற நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த இன்ஜினோடு 2024 மே 30-இல் சோதனை ராக்கெட்டை ஏவியது. குலசேகரன்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் மெக்கானிக்கலோ எலக்ட்ரானிக்ஸோ படித்த பெண் வேறு ஆலைகளிலும் நிறுவனங்களிலும் வேலை தேடலாம். நான் ஏரோஸ்பேஸைத் தள்ளிவைத்து இவற்றைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் அரசுக் கல்லூரிகளையும் அண்ணா பல்கலைக்கழகத் துறைகளையும் மேலே போடுங்கள். பட்டியலை உறுதிசெய்வதற்கு முன் எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், மகளோடும் பேசுகிறேன்.