ராணுவத் தளம் மத்திய அரசின் சொத்து என்றால், அதன் கட்டமைப்பை மேம்படுத்த அமெரிக்க நகரங்கள் மாநில அரசிடம் மானியம் கேட்பது ஏன்?

டெக்சாஸில் ஒரு நகரம் தன் அருகிலுள்ள விமானப்படைத் தளத்துக்காக மாநில அரசிடம் மானியம் கேட்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, வாஷிங்டன் செய்ய வேண்டிய செலவை மாநில மக்களின் தலையில் கட்டுவது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குடிநீர்க் குழாய்த் திட்டங்களில் பணியாற்றும் பொறியாளன். மேற்கு டெக்சாஸின் ஒரு சிறிய நகரத்துக்காக இத்தகைய விண்ணப்பம் ஒன்றைத் தயாரித்த குழுவில் இருந்திருக்கிறேன். அந்த ஊரின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் நடைமுறை எப்படி என்பதை விளக்க முடியும்.

முதலில் வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தளத்தின் வேலிக்கு உள்ளே இருக்கும் ஓடுதளம், குடியிருப்பு, பட்டறை எல்லாவற்றுக்கும் பாதுகாப்புத் துறையின் கட்டுமான நிதி உண்டு. ஆனால் அந்த நிதி பொதுவாக வேலியைத் தாண்டி வெளியே வருவதில்லை. தளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பிரதானக் குழாய், கழிவுநீரை வாங்கிச் சுத்திகரிக்கும் நிலையம், வாயிற்கதவு வரை வரும் சாலை ஆகியவை பெரும்பாலும் நகரத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ஆகவே, செய்தியில் ‘ராணுவக் கட்டமைப்பு மேம்பாடு’ என்று வருவதில் பெரும்பகுதி, மண்ணுக்கடியில் கிடக்கும் நகரத்துக் குழாயைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இதற்கு டெக்சாஸின் விச்சிட்டா ஃபால்ஸ் நகரத்தை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அந்த ஊரை ஒட்டியிருக்கும் ஷெப்பர்டு விமானப்படைத் தளத்தில்தான், 1981 முதல், நேட்டோ நாடுகளின் போர் விமானிகள் ஒன்றாகப் பயிற்சி பெறுகிறார்கள். தளத்தின் ஓடுதளங்களை நகரத்தின் பயணிகள் விமான நிலையமும் பயன்படுத்துகிறது. தளத்துக்குத் தேவையான தண்ணீரை நகரம் விற்கிறது. 2011இல் தொடங்கிய வறட்சியில் நகரத்தின் ஏரிகள் கொள்ளளவில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கின. 2014 ஜூலையில், கழிவுநீர் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரை ஆற்றில் விடாமல், பன்னிரண்டு மைலுக்கும் கூடுதலான நீளத்துக்குக் குழாய் அமைத்துக் குடிநீர் நிலையத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து, மீண்டும் சுத்திகரித்து, நாளொன்றுக்கு ஐம்பது லட்சம் கேலன் வரை ஏரி நீருடன் கலந்து வழங்கினார்கள். மறு ஆண்டு பெய்த மழையில் ஏரிகள் நிரம்பும்வரை ஊரார் அதைத்தான் குடித்தார்கள். தளத்தில் பயிற்சிக்கு வந்திருந்த வெளிநாட்டு இளைஞர்களும் அதே தண்ணீரைத்தான் குடித்திருப்பார்கள். அந்த ஓராண்டில் தளம் இயங்கியது என்றால் அதற்கு நகரத்தின் நீர்த்துறையும் ஒரு காரணம். என் துறையைச் சேர்ந்தவர்கள் செய்த அந்த வேலையை நினைக்கும்போது இன்றும் பெருமையாக இருக்கிறது.

நகரங்களை மாநிலத் தலைநகரத்துக்கு ஓடவைப்பது ஒரு பெரிய அச்சம். 1988 முதல் 2005 வரை ஐந்து சுற்றுகளில், தேவையற்ற தளங்களை மூடுவதற்காகத் தனி ஆணையங்கள் அமைக்கப்பட்டன. ஆஸ்டினின் பெர்க்ஸ்ட்ராம், லபக்கின் ரீஸ், சான் அன்டோனியோவின் கெல்லி, கார்ப்பஸ் கிறிஸ்டி அருகே இங்கிள்சைடு என்று டெக்சாஸ் இழந்த தளங்களின் பட்டியல் நீளமானது. பெர்க்ஸ்ட்ராம் பின்னர் ஆஸ்டினின் பன்னாட்டு விமான நிலையமானது. இங்கிள்சைடில் இன்று கச்சா எண்ணெய் ஏற்றுமதி நடக்கிறது. எல்லா ஊருக்கும் அப்படி மாற்று வழி அமைவதில்லை. தளம் மட்டுமே பெரிய வேலைவாய்ப்பாக இருக்கும் ஊரில், மூடல் என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டு விலை இறங்கிவிடும்.

2005 சுற்றில், ஒரு தளத்தைத் தக்கவைப்பதா என்று முடிவெடுக்க அதன் ‘ராணுவ மதிப்பு’ முதன்மை அளவுகோலாக வைக்கப்பட்டது. நிலம், உள்கட்டமைப்பு, அவசரக் காலத்தில் விரிவாக்க இடம் ஆகியவை அதில் அடங்கும். விர்ஜினியா பீச் நகரத்துக்கு அப்போது நடந்தது மற்ற நகரங்களுக்கெல்லாம் பாடமாகிவிட்டது. அங்கிருக்கும் ஓசியானா கடற்படை விமானத் தளத்தைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டதால், அதைத் தடுக்காவிட்டால் போர் விமானங்களை வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று ஆணையம் எச்சரித்தது. அதன் பிறகு மாநிலமும் நகரமும் சரிபாதியாக ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டாலர் ஒதுக்கி, விபத்து அபாயப் பகுதியில் இருந்த நிலங்களை, விற்க முன்வந்தவர்களிடம் வாங்கத் தொடங்கின. தளம் அங்கேயே இருக்கிறது.

டெக்சாஸில் இந்த வேலையை ஆளுநர் அலுவலகத்தின் கீழ் இயங்கும் டெக்சாஸ் ராணுவ ஆயத்த ஆணையம் கவனிக்கிறது. அது வழங்கும் பாதுகாப்புப் பொருளாதாரச் சீரமைப்பு உதவி மானியம் என்பது 1997இல் உருவான திட்டம். நகரங்கள், மாவட்டங்கள், இளநிலைக் கல்லூரிகள் எனப் பலரும் கேட்கலாம். ஒரு திட்டத்துக்கு ஐம்பதாயிரம் டாலர் முதல் ஐம்பது லட்சம் டாலர் வரை கிடைக்கும். மாநிலச் சட்டமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூடி வரவுசெலவு போடுகிறது. 2015இல் இதற்காக மூன்று கோடி டாலர் ஒதுக்கினார்கள். மாநிலத்தில் பதினைந்து தளங்கள் இருக்கும்போது அந்தத் தொகைக்கு எத்தனை கைகள் நீளும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வேலி தாண்டி வராத மத்திய நிதிக்கும் ஒரு சிறு வழி திறந்திருக்கிறது. 2018இல் நிறைவேறிய சட்டத்தின்படி, வேலிக்கு வெளியே உள்ள பணிகளுக்காகப் பாதுகாப்புத் துறையே ஒரு சமுதாயக் கட்டமைப்பு மானியம் தருகிறது. அதற்கு உள்ளூர்ப் பங்கு தேவைப்படும்போது, மாநில மானியத்தைக் காட்ட முடிகிறது.

இனி எங்கள் விண்ணப்பத்துக்கு வருகிறேன். தளத்துக்கு ஒரே ஒரு பிரதானக் குழாய்தான் போய்க்கொண்டிருந்தது. அது உடைந்தால், மேல்நிலைத் தொட்டிகளில் இருப்பது தீரும்வரைதான் தளம் தாங்கும். ஆகவே நெடுஞ்சாலை ஓரமாக இரண்டாவது குழாய் ஒன்றை நேராக வாயில்வரை கொண்டுபோகலாம் என்று வரைபடம் போட்டோம். நகர மன்றத்தில் தீர்மானம் வந்த மாலையில், பொதுமக்கள் பேசும் நேரத்தில், ஒரு மூதாட்டி எழுந்து நின்றார். உடைந்த குழாயைச் சுற்றி இறுக்கிப் போடும் துருப்பிடித்த கவ்வி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்து, தன் தெருவில் மட்டும் இப்படி ஐந்து கவ்விகள் போட்டிருப்பதாகவும், ஒவ்வொரு கோடையிலும் மண் வெடிக்கும்போது குழாயும் வெடிப்பதாகவும் சொன்னார். “தளம் இருக்கட்டும், என் மகனும் அங்குதான் வேலை செய்கிறான். ஆனால் எங்கள் தெருவுக்கு எப்போது வருவீர்கள்?” என்று கேட்டுவிட்டு அமர்ந்தார்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அன்றிரவு வரைபடத்தைத் திரும்ப விரித்துப் பார்த்தபோது, நெடுஞ்சாலையை விட்டு அவர் வசிக்கும் தெருக்கள் வழியாகக் குழாயைக் கொண்டுபோனால், ஏறத்தாழ அறுநூறு மீட்டர் கூடினாலும், முட்டுச்சந்தாக நின்ற பழைய குழாய்கள் இரு முனையிலும் இணைந்து ஒரு வளையமாகிவிடும் என்பது தெரிந்தது. வளையத்தில் ஓரிடம் உடைந்தால் தண்ணீர் மறுபக்கமாகச் சுற்றி வரும். தளத்துக்கும் அது கூடுதல் பாதுகாப்பு. அந்த மாற்றத்தோடுதான் விண்ணப்பம் மாநிலத் தலைநகரமான ஆஸ்டினுக்குப் போனது.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது. ஊர்மக்கள் குடிக்கும் தண்ணீரையும் நடக்கும் சாலையையும் தொடும் திட்டத்துக்கு மாநிலப் பணம் கேட்பதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். தளத்தின் வாயிலை அழகுபடுத்துவதற்கும், ஒருவரும் குடியிருக்காத வழியில் போகும் குழாய்க்கும் கேட்டால் அதை எதிர்ப்பேன். தளம் என்றாவது மூடப்பட்டால் அந்தப் பணத்தில் ஊருக்கென்று எதுவும் மிஞ்சாது.

மானியம் கிடைத்தது; நகரம் தன் பங்கைக் குடிநீர் நிதியிலிருந்து கொடுத்தது. பணி முடிந்து வால்வைத் திறந்த நாளில், அந்த மூதாட்டியின் தெருவிலுள்ள தீயணைப்புக் குழாயை முதலில் திறந்து, கலங்கல் போய்த் தெளியும்வரை தண்ணீரை ஓடவிட்டோம். அவர் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தள எல்லையில் இருக்கும் அளவுமானி அதற்குப் பிறகுதான் சுழலத் தொடங்கியது.