டர்பன் கடற்கரையில் தூண்டில் போடும்போது போயர்போல் இன நாயைக் கட்டிவைப்பது எப்படி?

மீன் பார்க்க யாராவது கிட்ட வந்தாலே உங்கள் நாய் பாய்கிறது, மணலில் அடித்த முளையையும் பிடுங்கிவிடுகிறது என்றீர்கள். 60 கிலோ நாய்க்கு முளை எம்மாத்திரம்! சாக்கில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, முழங்கால் ஆழத்தில் படுக்கவைத்துப் புதையுங்கள். அந்தக் கயிற்றில் 2 மீட்டர் வாரை மாட்டி, மார்புப்பட்டையோடு இணையுங்கள், கழுத்துப்பட்டை வேண்டாம். வீசும்போது பின்னால் சுழலும் கொக்கி எட்டாத தூரத்தில் நாய் இருக்கட்டும்.

திருட்டுப் பயத்தால் நாயைக் கொண்டுபோனாலும், அது குரைத்தாலே போதும். ஆகவே கூடை போன்ற வாய்மூடி போடுங்கள்: மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், ஆளைக் கடிக்க முடியாது. கரை ஒதுங்கும் நஞ்சுள்ள பேத்தை மீனையும் எளிதில் கவ்வாது. அந்த நஞ்சுக்கு மாற்று மருந்தே கிடையாது.

மத்தி மாட்டிய கொக்கியை விழுங்கிவிட்டால் தூண்டில் நரம்பை இழுக்காதீர்கள், கொக்கி உள்ளே கிழித்துவிடும். வாய்க்கு வெளியே ஒரு முழம் விட்டு வெட்டி, முனையை மார்புப்பட்டையில் முடிந்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.