ராத்திரி ரெண்டு மணிக்கு ஃப்ரிட்ஜ் நின்னா பேட்டரிய மட்டும் திட்டாதீங்க

கேள்வி: அண்ணா, நாங்க பெங்களூர் மாரத்தஹள்ளில இருக்கோம். கேம்பரா மாத்தின டெம்போ டிராவலர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினோம், பிஎஸ்-6 வண்டி. உள்ள 100 ஏஹெச் ஏஜிஎம் பேட்டரி, மேல 200 வாட் சோலார், 45 லிட்டர் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், ஃபேன், எல்இடி லைட்டு, 1000 வாட் இன்வெர்ட்டர். வார நாள்ல வண்டி அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல நிக்கும், சனிக்கிழமை சிக்மகளூர், ஏலகிரின்னு கிளம்புவோம். போய் சேரும்போது டிஸ்ப்ளேல 12.8 காட்டுது, ராத்திரி ரெண்டு மணிக்கு ஃப்ரிட்ஜ் கட். எட்டு மாசம் முன்னாடிதான் பேட்டரி மாத்தினோம், கடைல டெஸ்ட் பண்ணி நல்லா இருக்குங்கறாங்க. லித்தியத்துக்கு மாறிடலாமா?

தம்பி, லித்தியம் காசு இப்போதைக்கு கையிலயே இருக்கட்டும். நீங்க எழுதினதுல பாதி பதில் ஒரு வார்த்தைலயே இருக்கு, பேஸ்மென்ட். அதுக்கு அப்புறம் வரேன்.

மொதல்ல ராத்திரி நடக்கறது என்னன்னு பாக்கணும். ஃப்ரிட்ஜ் நின்னா பேட்டரி காலின்னு எல்லாரும் முடிவு பண்ணிடறாங்க, ஆனா ஃப்ரிட்ஜுக்கு பேட்டரிய தெரியாது, தன் வயர் முனைல வர வோல்டேஜ்தான் தெரியும். கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு நொடி நிறைய கரன்ட் இழுக்கும், வயர் மெலிசா இருந்தாலோ சிகரெட் லைட்டர் சாக்கெட்டுல சொருகியிருந்தாலோ அங்க வோல்டேஜ் படக்குன்னு விழும், அது கம்மின்னு நெனச்சு கட் பண்ணிக்கும். அதனால அடுத்த தடவை நின்ன உடனே தூக்கத்த விட்டு எழுந்து மல்டிமீட்டர நேரா பேட்டரி டெர்மினல்ல வைங்க. 12.3க்கு மேல இருந்தா பேட்டரி மேல தப்பில்ல, வயரிங்தான், சாக்கெட்ட தூக்கிட்டு தடியான வயர்ல ஃபியூஸ் போட்டு நேரா குடுங்க. 11.5 கிட்ட இருந்தா நிஜமாவே காலி, மேல படிங்க.

கணக்கு ஒண்ணு போடுவோம். உங்க ஃப்ரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்ப் இழுக்கும், பாதி நேரம்தான் ஓடும்னு வச்சா ராத்திரி பத்து மணி நேரத்துக்கு 20 ஏஹெச் (ஆம்ப்ப மணி நேரத்தால பெருக்கினா அதான் ஏஹெச்). ஃபேன், லைட்டு, போன் சார்ஜர் எல்லாம் சேத்து இன்னொரு 15. ஆக 35. ஏஜிஎம்ங்கறது ஒரு வகை லெட் பேட்டரிதான், அதுல பாதிக்கு கீழ எறக்கக்கூடாதுங்கறது வழக்கம், அப்படி பாத்தாலும் 50 இருக்கு, விடியற வரைக்கும் தாராளமா வரணும். வரலன்னா ரெண்டே காரணம்தான், ஒண்ணு சாயந்தரம் அது ஃபுல்லாவே இல்ல, இல்ல அது 100 ஏஹெச் பேட்டரியாவே இல்லாம போச்சு. உங்க விஷயத்துல ரெண்டும்தான்னு நெனைக்கிறேன், மொதலாவதுதான் ரெண்டாவத உண்டாக்கியிருக்கு.

அந்த 12.8 இருக்கே, அது சும்மா. வண்டி ஓடி நிறுத்தின உடனே சார்ஜ் மேலாப்புல நிக்கும், பால் பொங்கி மேல வந்தா பாத்திரம் நெறஞ்ச மாதிரி தெரியும்ல, அந்த கதை. நிஜ அளவு வேணும்னா எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, நெகட்டிவ் கேபிள கழட்டி, நாலஞ்சு மணி நேரம் விட்டுட்டு அப்புறம் பாருங்க. ஏஜிஎம் ஃபுல்லா இருந்தா 12.8க்கு மேல நிக்கும், 12.3க்கு வந்தா கிட்டத்தட்ட பாதி, 12க்கு கீழன்னா ரொம்ப மோசம். 10.5 வோல்ட்ல போய் நின்னு அங்கயே உக்காந்துட்டா ஆறு செல்லுல ஒண்ணு போச்சு, அத காப்பாத்த வழியில்ல.

இப்ப பேஸ்மென்ட். ஞாயித்துக்கிழமை ராத்திரி பாதி காலியான பேட்டரியோட வந்து நிறுத்தறீங்க. மேல இருக்கிற 200 வாட் பேனலுக்கு அங்க ஒரு வாட் கூட கெடைக்காது. அதோட இன்வெர்ட்டர ஆஃப் பண்ணீங்களா? லோடே இல்லன்னாலும் ஆன்ல இருந்தா 1000 வாட் இன்வெர்ட்டர் அரை ஆம்ப் குடிக்கலாம். அஞ்சு நாள்னா 120 மணி நேரம், 60 ஏஹெச் போயிடுச்சு, நீங்க வண்டில ஏறவே இல்ல. இப்படி காலியா கெடக்கிற லெட் பேட்டரில பிளேட்டு மேல சல்பேட் கெட்டியா படியும், அப்படி படிஞ்ச இடம் திரும்ப வேலைக்கு வராது. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி எட்டு மாசத்துல 100 ஏஹெச் 40 ஆகியிருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கடைக்காரர் பொய் சொல்லல. அவர் கைல இருக்கிற டெஸ்டர் வண்டி ஸ்டார்ட் பண்ண பலம் இருக்கான்னு பாக்கறது, ஓட்டப்பந்தயத்துக்கான டெஸ்ட். உங்க பேட்டரி ஓட வேண்டியது மாரத்தான். அத வீட்டுலயே பாக்கலாம், நான் இன்னைக்கும் இப்படித்தான் பாக்கறேன்: பேட்டரி மேல 100 ஏஹெச்னு போட்டிருக்கறது பொதுவா 5 ஆம்ப் வீதம் 20 மணி நேரம்ங்கற கணக்கு. பழைய ஹெச்4 ஹெட்லைட் பல்பு ஒண்ணோட 60 வாட் ஃபிலமென்ட் சுமார் 5 ஆம்ப் இழுக்கும், ஜேசி ரோட்ல எந்த கடைலயும் கெடைக்கும். பேட்டரிய சார்ஜர்ல ஒரு முழு நாள் போட்டு, ரெஸ்ட் விட்டு, அந்த பல்ப ஃபியூஸோட மாட்டுங்க (பல்பு கொதிக்கும், ஸ்டீல் தட்டுல வைங்க, குழந்தைங்க பக்கம் வேணாம்). மணிக்கொரு தடவை வோல்டேஜ் எழுதுங்க, 12.0 ஆனா நிறுத்திடுங்க. நல்ல பேட்டரின்னா எட்டு ஒம்பது மணி நேரம் தாங்கும். மூணு மணி நேரத்துல விழுந்தா மேல கேள்வியே வேணாம்.

அப்ப புதுசு வாங்கலாம்தானே? வாங்கலாம், ஆனா ஓடும்போது சார்ஜ் ஏறுதான்னு பாக்காம வாங்கினா அடுத்ததும் இதே எட்டு மாசம்தான். என்கிட்ட ஒருத்தர் ரெண்டு பேட்டரி மாத்திட்டு வந்தார், எர்த் போல்ட்ட பெயின்ட் மேலயே முறுக்கி வச்சிருந்தாங்க, சுரண்டிட்டு திரும்ப போட்டேன், பத்து நிமிஷ வேலை, காசு வாங்கவே கூச்சமா இருந்துச்சு. நீங்க எஞ்சின் ஓடும்போது உள் பேட்டரி டெர்மினல்ல பாருங்க, 14.2லேர்ந்து 14.6 வரணும். முன்னாடி இருக்கிற, எஞ்சின் ஸ்டார்ட் பண்ற பேட்டரில 14.2 இருந்து பின்னாடி 13.3 தான் வருதுன்னா வயர்ல தொலையுது. 6 ஸ்கொயர் எம்எம் வயர், போக வர 10 மீட்டர், 30 ஆம்ப் போனா கிட்டத்தட்ட 0.9 வோல்ட் அதுலயே சூடாகி போயிடும், 25 ஸ்கொயர் போட்டா 0.2 தான். கேம்பர் மாத்தறவங்க சோஃபா துணிக்கு செலவு பண்றாங்க, காப்பருக்கு கை வராது.

இன்னொரு விஷயம், 2020 ஏப்ரல் 1லேர்ந்து வந்த பிஎஸ்-6 வண்டிங்க பலதுல ஆல்டர்நேட்டர் எரிபொருள் மிச்சம் பிடிக்க தானே வோல்டேஜ கொறைச்சுக்கும். ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல சாதா ரிலே (ரெண்டையும் தானே சேத்து பிரிக்கற சுவிட்ச்) இருந்தா அது அப்பப்போ விட்டுடும், நீங்க அஞ்சு மணி நேரம் ஓட்டியும் பின்னாடி சரியா ஏறாது. எஞ்சின் ஓட ஓட அரை மணிக்கு ஒரு தடவை பாருங்க, 12.8, 14.4ன்னு ஆடிச்சுன்னா டிசி டு டிசி சார்ஜர் (முன்னாடி வோல்டேஜ் ஆடினாலும் பின்னாடி பேட்டரிக்கு வேண்டிய வோல்டேஜா மாத்தி குடுக்கற பெட்டி) போட்டே ஆகணும். சில்க் போர்டு ட்ராஃபிக்ல ஒரு மணி நேரம் நின்னா சார்ஜ் ஏறும்னும் நெனைக்காதீங்க, ஐட்லிங்ல ஆல்டர்நேட்டர் கம்மியாதான் குடுக்கும். போதாததுக்கு லெட் பேட்டரி கடைசி 20 சதவீதத்த ஆமை மாதிரிதான் வாங்கும், ஏலகிரி போற மூணு மணி நேரத்துல அது முடியாது.

வெளிய தெரியாம திருட்டா எது குடிக்குதுன்னு பாக்க டிசி அளக்கற கிளாம்ப் மீட்டர் (வயர சுத்தி மாட்டி கரன்ட் பாக்கற மீட்டர்) வேணும். எஸ்பி ரோட்ல கேக்கும்போது டிசி கரன்ட்னு அழுத்தி கேளுங்க, மலிவுல குடுக்கறது பெரும்பாலும் ஏசி மட்டும்தான் அளக்கும், அத வாங்கிட்டு வந்து பூஜ்யம் காட்டுதுன்னு சந்தோஷப்படறவங்கள பாத்திருக்கேன்.

லித்தியம் நல்ல பொருள்தான், பாதி சார்ஜ்ல கெடந்தா அதுக்கு கவலையே இல்ல, உங்க வாழ்க்கை முறைக்கு ஒத்துவரும். ஆனா காலியானா பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்) ஒரேடியா கட் பண்ணிடும், வோல்டேஜ் பாத்து எவ்வளவு மிச்சம்னும் சொல்ல முடியாது, ஷன்ட் மானிட்டர் (உள்ள வர, வெளிய போற கரன்ட்ட எண்ணி மிச்சத்த சொல்ற மீட்டர்) வேணும். அதோட காலியா இருக்கும்போது கரன்ட்ட உறிஞ்சி எடுக்கும், சாதா ரிலேல விட்டா மெலிசு வயரும் ஆல்டர்நேட்டரும் சூடாகும், அதனால அதுக்கும் டிசி டு டிசி வாங்கியே ஆகணும். எப்படி பாத்தாலும் அதான் மொத செலவு, பேட்டரி ரெண்டாவது.

இந்த வாரமே பண்ண வேண்டியது: இன்வெர்ட்டருக்கு பேட்டரி பக்கத்துலயே ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் (மொத்தமா துண்டிக்கறதுக்கு), கிளம்பறதுக்கு முந்தின நாள் ஃப்ரிட்ஜ வீட்டு கரன்ட்லயே குளிர வச்சிடறது, அப்புறம் அசோசியேஷன்ல பேசி பேஸ்மென்ட்ல ஒரு 5 ஆம்ப் பாயின்ட் வாங்கறது. 10 ஆம்ப் ஸ்மார்ட் சார்ஜர் ஒரு ராத்திரிக்கு ரெண்டு யூனிட் கூட இழுக்காது. அத கணக்கு போட்டு பேப்பர்ல காட்டுங்க, இல்லன்னா எலக்ட்ரிக் கார் சார்ஜ் பண்றாருன்னு கெளப்பி விட்டுடுவாங்க.