18 வளைவில் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் வேலை

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வேகன் ஆர் காரில் அம்மா, இரண்டு பிள்ளைகளோடு மலைக்கிராமங்களைப் பார்த்துக்கொண்டு கண்டிக்குப் போக ஆசை. மகியங்கனைப் பக்கம் 18 வளைவு என்றதும் அம்மா பயப்படுகிறார். பதுளையால் போகலாமா?"

பதுளையால் போனால் சுற்று அதிகம், தங்கச்சி. லுணுகலை, பசறைப் பக்கமும் வளைவுகள்தான். செங்கலடி, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்றே போங்கள். ஹசலகவுக்கு அப்பால் வரும் அந்த வளைவுகள், பாதையை அகலமாக்கிய பிறகு 17தான். பெயர்தான் இன்னும் மாறவில்லை.

போகும்போது ஏற்றம். கார் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். நான் கவலைப்படுவது நீங்கள் திரும்பி வரும் நாளைப் பற்றி. இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்தபடி வந்தால் அது சூடேறி, பிரேக் எண்ணெய் கொதித்து, மிதி பஞ்சுபோல உள்ளே போய்விடும். பழைய எண்ணெய் ஈரத்தை இழுத்திருக்கும், சீக்கிரமே கொதிக்கும். மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் வெளிக்கிட முன் மாற்றிவிடுங்கள். இறக்கம் தொடங்க முன்பே கியரை 'டி'யிலிருந்து 'எல்'லுக்கு, அதாவது குறைந்த கியருக்கு, போடுங்கள். எஞ்சின் இரையும், இரையட்டும்; வண்டியைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பிரேக்கை வளைவுக்கு முன் ஒருதரம் அழுத்தி விட்டுவிட வேண்டும். கருகிய மணம் வந்தால் ஓரமாக நிறுத்தி, டயருக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கும் பிரேக் தட்டு வளைந்துவிடும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது இறங்குபவர் பொறுப்பு.

கிராமம் என்றால் ஹுன்னஸ்கிரியவில் திரும்பி, நக்கிள்ஸ் மலைக்குள் இருக்கும் மீமுரே. ஆனால் அந்தப் பாதைக்கு உங்கள் கார் உயரம் போதாது. அங்கேயே உயரமான வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடியுங்கள். அம்மாவுக்கு முதுகுவலி இருந்தால் மீமுரேயை விட்டுவிடலாம்.

கண்டியில் தலதா மாளிகையோடு நின்றுவிடாமல், பக்கத்திலேயே 1815இல் ராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த மண்டபத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வேலூருக்கு நாடு கடத்தப்பட்ட கடைசி அரசன் வெட்டிய குளம்தான் எதிரே கிடக்கிறது.

மார்கழி, தை மாதங்களில் வேண்டாம். வாடைக்காற்று மழை அந்தச் சரிவில்தான் கொட்டும், மண்ணும் சரியும்.

திரும்பும் நாள் காலை 9 மணிக்கே கண்டியை விட்டு வெளிக்கிடுங்கள். மகாஓயா வெந்நீர்க் கிணறுகளில் பிள்ளைகள் கால் நனைக்கவும் நேரம் கிடைக்கும். பொழுது சாய்ந்தால் அங்கிருந்து செங்கலடி வரை யானை நடமாட்டம்.